உங்களுக்குத் தெரியுமா? 19 வயதில் இந்திய கேப்டன்!

நம் நாட்டில் கூடைப்பந்து ஆடுபவர்கள் பலருக்குக் கைகொடுப்பது ரயில்வே வேலைதான். சென்னையின் அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேக்காரர்.

● 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டன் ஆனார்.

● ஆசிய சாம்பியன்ஷிப்பில் தொடர்ந்து 9 முறை ஆடினார்.

● தாயான பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2017 ஜூலையில், பெங்களூரில் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதியாட்டம். அவர் தலைமையில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என வீழ்த்தியது. ஒரே ஒரு கூடை வித்தியாசம்! அந்த வெற்றியால் அணி ‘ஏ’ பிரிவுக்கு ஏறியது.

● 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஓசூர்ப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் பந்து தட்டும் பெண் பிள்ளைகள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.