கலப்பிரிவின் கடிவாளமும் வாயில் தோன்றும் வெண்படலமும்

இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கமே இதன் பிரதான காரணம் என்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். கேட்டுச் சலித்த அறிவுரையாகிவிட்டமையால், அப்பழக்கம் வாயினுள் உண்மையில் என்ன செய்கின்றது என்ற கேள்வி எம்மிடம் எழுவதேயில்லை. அதற்கு விடை காண வேண்டுமாயின், கலம் எவ்வாறு பெருகுகின்றது என்பதையும், அதைவிட முக்கியமாக அது எவ்வாறு பெருகாமல் தன்னை நிறுத்திக்கொள்கின்றது என்பதையும் அறிந்தாக வேண்டும்.

கன்னத்தின் உட்புறத்தை மூடியுள்ள மேலணி ஓயாது புதுப்பிக்கப்படுவதாகும். அதன் அடிப்படையிலுள்ள கலங்கள் பிரிகின்றன. புதிய கலங்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, இறுதியில் உமிழ்நீருடன் உதிர்கின்றன. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இம்மேலணி முழுவதும் புதிதாகிவிடுகின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டால் ஏற்படும் காயம் விரைவில் ஆறிவிடுவதும் இதனாற்றான். மாறாக, மூளையின் நரம்புக் கலங்களிற் பெரும்பாலானவை ஆயுள் முழுவதும் பிரிவதேயில்லை.

ஒரு கலம் பிரிவதற்கு முன்னர் வளர வேண்டும். தனது 46 நிறமூர்த்தங்களிலும் உள்ள சுமார் 600 கோடி டி.என்.ஏ எழுத்திணைகளைப் பிரதி செய்ய வேண்டும். அதன் பின்னரே இரண்டாகப் பிளக்கலாம். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் மனிதக் கலத்துக்கு இவ்வட்டம் நிறைவுற ஏறக்குறைய 24 மணித்தியாலங்கள் தேவை. பாடசாலையில் நாம் படம் வரைந்து பெயர் குறித்த இழையுருப்பிரிவு இதில் ஒரு மணித்தியாலம் மாத்திரமே. எஞ்சிய நேரமெல்லாம் தயாரிப்பிலும் சரிபார்ப்பிலும் கழிகின்றது.

இச்சரிபார்ப்பு நிகழும் விதத்தை நாம் அறிந்துகொண்டது எளிய உயிர்களிடமிருந்தாகும். பாண் மாவைப் பொங்கவைக்கும் மதுவத்தை ஆராய்ந்த அமெரிக்கரான லீலண்ட் ஹார்ட்வெல், கதிர்வீச்சினால் டி.என்.ஏ சேதமுற்ற கலம் அது திருத்தப்படும் வரை பிரியாமல் காத்திருப்பதைக் கண்டார். இத்தகைய நிறுத்தங்களுக்கு விஞ்ஞானிகள் சோதனைச்சாவடி என்றே பெயரிட்டனர். அச்சொல் எமது வாசகர்களுக்கு வேறு நினைவுகளைத் தரக்கூடும். கலத்தினுள்ளோ அது காவலன்றி வேறில்லை. பிரித்தானியரான போல் நர்ஸ் வேறொரு மதுவ இனத்தில் கலவட்டத்தை இயக்கும் பரம்பரையலகைக் கண்டறிந்தார். அதற்கு ஒப்பான மனிதப் பரம்பரையலகை 1987 இல் அம்மதுவத்தினுள் இட்டபோது அது குறைவின்றி வேலை செய்தது. கடலடியில் வாழும் முள்ளுடல் கொண்ட அர்ச்சின் என்னும் பிராணியின் முட்டைகளை 1982 இல் ஆராய்ந்த ரிம் ஹன்ற், ஒவ்வொரு பிரிவுக்கு முன்னரும் பெருகி, பிரியும்போது அழிந்துபோகும் சைக்கிளின் என்ற புரதத்தைக் கண்டார். 2001 இல் இம்மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சோதனைச்சாவடிக் காவலர்களுள் முதன்மையானது 1979 இல் அறியப்பட்ட பி53 என்ற புரதம். டி.என்.ஏ சிறிதளவு சேதமுற்றால் பிரிவை நிறுத்தித் திருத்தத்துக்கு அவகாசம் அளிக்கின்றது. சேதம் மிகுந்தால் அக்கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தூண்டுகின்றது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் பரம்பரையலகு பழுதடைந்திருக்கக் காணலாம். மனிதனைவிடப் பன்மடங்கு கலங்களைக் கொண்ட யானைக்குப் புற்றுநோய் அரிதாகவே ஏற்படுவது ஏன் என்ற புதிருக்கும் இதிலேயே ஒரு விடை கிடைத்துள்ளது. எமக்கு இப்பரம்பரையலகு ஒன்றென்றால், யானைக்குச் சுமார் இருபது பிரதிகள் உள்ளதை 2015 இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்.

இனி வெற்றிலைக்கு வருவோம். பாக்கும் சுண்ணாம்பும் சேரும்போது டி.என்.ஏயைச் சிதைக்கும் ஒட்சிசன் மூலிகங்கள் உருவாகின்றன. புகையிலையின் நைத்திரசமைன்கள் அச்சேதத்தைப் பெருக்குகின்றன. அதேவேளை, உராய்வினாலும் சுண்ணாம்பின் காரத்தாலும் புண்படும் மேலணியை ஆற்றுவதற்காக அடிக்கலங்கள் வழமையைவிட அதிகமாகப் பிரிய நேரிடுகின்றது. சேதமும் அதிகம், பிரிவும் அதிகம். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் தொடர்கையில், ஏதோவொரு கலத்தில் காவலுக்குரிய பரம்பரையலகே பழுதடைந்துவிடுகின்றது. அதன் வாரிசுக் கலங்கள் சாவடியில் நிற்பதில்லை. புகையிலை சேர்க்காவிடின் தீங்கில்லை என்று நம்புவோர் எம்மிடையே பலர். ஆயினும் பாக்குத் தனித்தே புற்றுநோயை உண்டாக்குவது என்பதை சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட தனது மதிப்பீட்டில் ஐயத்துக்கிடமின்றிக் கூறிவிட்டது.

பழுது ஒரே நாளில் நிகழ்வதில்லை. சுரண்டினாலும் நீங்காத வெண்படலம், அதைவிட ஆபத்தான செம்படலம், வாயை முழுமையாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியன முன்னறிகுறிகள். வெண்படலங்களுட் பெரும்பாலானவை புற்றுநோயாவதில்லை. எது ஆகும் என்பதைப் பரிசோதித்தே அறியலாம். இரண்டு வாரத்தில் புதிதாகும் மேலணியில் மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருக்குமாயின் அதனை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் இதனைப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். சிக்கல் யாதெனில், ஆரம்பத்தில் இவை வலிப்பதில்லை. விழுங்க முடியாதபடி வலிக்கும்போது நோய் பெரும்பாலும் கழுத்தின் நிணநீர்க் கணுக்களை எட்டியிருக்கும்.

இந்நாட்டில் நடத்தப்பட்டு 1984 இல் வெளியான ஆய்வொன்று இங்கு குறிப்பிடத்தக்கது. பயிற்சி பெற்ற 34 ஆரம்ப சுகாதார ஊழியர்கள் ஓராண்டில் 29,000 பேருக்கும் அதிகமானோரின் வாயைப் பரிசோதித்தனர். நிபுணரிடம் செல்லுமாறு பணிக்கப்பட்ட சுமார் 1,200 பேரில் பாதியைச் சற்றுக் கடந்தோரே சென்றனர். சென்றவர்களைப் பொறுத்தவரை, ஊழியர்களின் கணிப்பு பத்தில் ஒன்பது தடவை சரியாகவே இருந்தது. வராதோரை அலட்சியக்காரர் என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிட முடியாது. வலிக்காத ஒரு படலத்தைக் காட்டுவதற்காக ஒரு நாட் சம்பளத்தை இழந்து, மலைப்பாதையில் பஸ் ஏறி நகருக்கு வருமாறு தோட்டத் தொழிலாளி ஒருவரைக் கேட்பதாயின், அந்த நிபுணர் தோட்டத்துக்கே செல்வது இயலாதா என்பதையும் சுகாதாரத் துறையினர் கூற வேண்டும்.