கழகமா, தேசமா?

1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் உதைபந்தாட்டம் காணச் சென்ற லிவர்பூல் கழக ரசிகர்கள் நெரிசலில் சிக்குண்டனர். பறிபோன உயிர்கள் 97. பொலிசாரோ ரசிகர்கள் மீதே பழி சுமத்தினர். 1991இல் மரண விசாரணை அதனை விபத்து என்றது.

உறவினர்கள் ஓயவில்லை. 27 ஆண்டுகளின் பின், 2016இல், மாண்டோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் எனவும் ரசிகர்கள் மீது தவறில்லை எனவும் யூரிகள் முடிவு கூறினர். ஆயினும், அன்று ஆட்டத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி 2019இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

2022இல் வெம்பிளி அரங்கில் தேசிய கீதம் ஒலித்தபோது லிவர்பூல் ரசிகர்கள் பலர் கூச்சலிட்டனர். கண்டனங்கள் எழுந்தன. அக்கோபத்துக்குக் காரணங்கள் பல. இக்காயமும் அவற்றுள் ஒன்று. மாண்டோரின் நினைவைக் கழகமே காத்து நின்றது என எண்ணும் ரசிகன், தேசிய அணியின் வெற்றியை எங்ஙனம் தனதெனக் கொண்டாடுவான்? நீதி வழங்கத் தாமதிக்கும் நாடு, பற்றினை மட்டும் உடனே கோரலாகாது.