பொது அலமாரியின் சாவி யார் யாரிடம்?

நம் சங்கத்துப் பிள்ளைகளில் பலர் கணினித் துறையில் இருக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு போனில் 'சர்வர்ல ஆக்சஸ் யாருக்குக் கொடுத்தே?' என்று அவர்கள் சத்தம் போடுவதைப் பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தத்துக்குக் காரணம் உண்டு.

அலுவலகத்தில் ஐம்பது கணினிகள். எல்லோருக்கும் வேண்டிய கோப்புகள் ஒரே சர்வரில். அங்குள்ள அடைவை, அதாவது டைரக்டரியை, நம் கணினியில் இருப்பதுபோலவே திறந்து வேலை செய்ய வழிசெய்வது என்.எஃப்.எஸ். 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த இம்முறை லினக்ஸ் உலகில் இன்றும் புழக்கத்தில் உள்ளது.

லினக்ஸ் சர்வரில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்றொரு சின்னக் கோப்பு. வரிக்கு ஓர் அடைவு. அடுத்து எந்தக் கணினிக்கு அனுமதி என்பது. அதை ஒட்டி, அடைப்புக்குறிக்குள், படிக்க மட்டுமா, எழுதவுமா என்பது.

ஒட்டி என்று சொன்னதைக் கவனியுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், சம்பளக் கணக்கு அடைவைக் கணக்குப் பிரிவுக் கணினிக்கு மட்டும் எழுதும் உரிமையோடு திறந்தோம். கணினியின் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அவ்வளவுதான்! சர்வர் அதை இரண்டாகப் பிரித்துப் படித்தது: கணக்குப் பிரிவுக்குப் படிக்க மட்டும், மற்ற எல்லோருக்கும் எழுதும் உரிமை. 'சேவ் ஆகலையே சார்' என்று கணக்கர் வந்து நின்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சர்வர் எச்சரிக்கை காட்டத்தான் செய்தது, யார் படித்தார்கள்?

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரிது. சாதாரண ஏற்பாட்டில் சர்வர் ஆளைச் சோதிப்பதில்லை. அனுமதி பெற்ற கணினி 'இவர் 1005-ஆம் எண் பயனர்' என்றால் நம்பிவிடும். 'மூணாவது மாடிக்குப் போறேன்' என்றவரையெல்லாம் உள்ளே விடுகிற காலனி சௌக்கிதார் மாதிரி! தன் லேப்டாப்பில் ரூட் அதிகாரம் உள்ளவர் அதே எண்ணில் ஒரு பயனரை உண்டாக்க ஒரு நிமிடம் போதும். லினக்ஸில் தானாகவே அமலில் இருக்கும் 'ரூட் ஸ்குவாஷ்', ரூட்டாக வருபவரை உரிமையற்ற பயனராக்கிவிடும், 1005-ஐத் தொடாது. அதற்கு, எம்.ஐ.டி.யில் பிறந்த கெர்பரோஸ் முறையில் ஒவ்வொருவரும் அடையாளச் சீட்டு காட்ட வேண்டும். அமைப்பது கொஞ்சம் தொல்லைதான். ஆனால் சம்பளக் கணக்குக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

கோப்பைத் திருத்தியதும் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளையால் புதுப்பியுங்கள். பிறகு அனுமதி தராத ஒரு கணினியிலிருந்து திறந்து பாருங்கள். திறந்துகொண்டால், முதலில் அந்த இடைவெளியைத் தேடுங்கள்.