சீலிங்குக்கு மேலே ஓடும் வயர்

நமது வியாபாரிகளில் அநேகர் கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள். கடையின் கணக்கைத் தினமும் பார்க்கிறோம். வீட்டுச் சீலிங்குக்கு மேலே என்ன கிடக்கிறது என்று ஏறிப் பார்ப்பவர் எத்தனை பேர்? நானும் பார்க்காமல்தான் இருந்தேன்.

2016 ஆம் ஆண்டு நோன்பு மாதம், கச்சான் காற்று வீசும் ஜூன் வெயில். அஸர் தொழுதுவிட்டு மாடிக்கு ஏறும்போது கருகிய வாடை. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை. சீலிங்கில் ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டோம். பலகையைக் கழற்றியபோது, இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிய ஒரு மூட்டு உருகிப்போய்க் கிடந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளிப் பழைய அட்டைப் பெட்டிகள். கீழே கடையில் பெருநாள் துணி நிறைந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், வாடை முந்திக்கொண்டது.

"ஹாஜி, வயர் நல்ல வயர்தான். ஆனா இந்த இடத்துக்கு அது காணாது" என்றார் வந்த எலக்ட்ரீஷியன். அப்போது எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கியதை நமது கணக்கிலேயே சொல்கிறேன்.

சாதாரண பி.வி.சி. வயர் 70 பாகை சூடு வரை தாங்கும். கடைக்காரர் சொல்லும் அம்பியர் அளவு, சுற்றியுள்ள காற்று 30 பாகையில் இருக்கும்போது உள்ள அளவு. நாம் 7/.67 என்று கேட்டு வாங்கும் வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர், சுவரில் அடித்த குழாய்க்குள் சுமார் 24 அம்பியர் தாங்கும். காற்று 50 பாகை ஆனால் அதில் 71 வீதமே மிச்சம், அதாவது 17 அம்பியர். அதே குழாய்க்குள் இன்னொரு லைனும் ஓடினால் மேலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து பதின்மூன்றரைக்கு வந்துவிடும். பிறகு ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு என் சீட் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் தேர்மோமீற்றர் வைத்துப் பார்த்தேன். 49 காட்டியது.

இனி அன்றைய செலவைப் பாருங்கள். ஏ.சி. 6 அம்பியர், 2000 வாட் கேத்தல் ஏறக்குறைய 9, பெருநாள் உடுப்புக்கு அயர்ன் 4. ஆக 19. எல்லாம் ஒரே லைனில். அதே குழாய்க்குள் கடை ஃபிரீசரின் லைனும் போயிருந்தது. பதின்மூன்றரை வருமானத்துக்குப் பத்தொன்பது செலவு செய்யும் வீடு எத்தனை நாளைக்கு நிற்கும்?

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். குற்றம் என்னுடையது. ரைஸ் குக்கரும் சேர்ந்தால் 20 அம்பியர் எம்.சி.பி. விழுகிறது என்று முந்திய வருடம் 32 போடச் சொன்னவன் நான்தான். எம்.சி.பி. காப்பது வயரை. வயர் தாங்கும் அளவைவிட அது பெரிதாக இருந்தால் எரிவது வயர்தான். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்றும் நம்பி இருக்காதீர்கள். அது மின் ஒழுக்குக்கு, 30 மில்லி அம்பியர் ஒழுகினால் விழும். லோட் கூடுவதை அது கவனிக்காது. மழைக்கு விழுகிறது என்று அதை பைபாஸ் பண்ணிக் கொடுக்கும் பாஸ்மாரும் உண்டு. அப்படிச் செய்தவரை மறுபடி வீட்டுக்குள் எடுக்காதீர்கள். கூரை ஒழுகி எங்கோ வயர் நனைகிறது என்றுதான் அது சொல்கிறது. மூன்று மாதத்துக்கொரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அமர்த்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள்.

என் வீட்டில் செய்த மாற்றம் இதுதான். ஏ.சி.க்குத் தனி லைன், தனிக் குழாய். மற்ற லைனுக்கு 16 அம்பியர் எம்.சி.பி. கேத்தலைச் சமையலறை லைனுக்கு மாற்றினோம். வயர் முழுவதும் பி.வி.சி. குழாய்க்குள், சீட்டில் முட்டாமல் கைமரத்தின் பக்கவாட்டில் கிளிப் அடித்து ஓடுகிறது. முன்பு அது சீலிங் பலகை மேலே பாம்பு போலக் கிடந்தது. அரிசி மூட்டை உள்ள வீட்டுக்கு எலி வராமல் இருக்காது, குழாய் இருந்தால் பல் வயருக்கு எட்டுவது கஷ்டம். குழாயின் வாயையும் அடைக்க வேண்டும். மூட்டு எல்லாம் மூடியுள்ள பெட்டிக்குள், ஸ்குரூ கனெக்டரில். பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், சீலிங்கை உடைத்துத் தேடும்படி இருக்கக்கூடாது. பச்சை எர்த் வயரை மிச்சம் பிடிக்கும் பழக்கம் நமது ஊரில் இருக்கிறது, அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்பு சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இப்போது மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். மூன்று பேஸ் எடுத்த கடைகளில் புதிய முறைப்படி கறுப்பும் ஒரு பேஸ். நிறத்தை நம்பிக் கை வைக்காமல் டெஸ்டரால் பார்க்கச் சொல்லுங்கள்.

வயர் வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்கு சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏற முன் ஆளை ஏற்றுங்கள். மெயினை நிறுத்தி, அந்தச் சாவியை உங்கள் பொக்கற்றில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே நடப்பவர் வளைக்கு வளை பலகை போட்டு அதில் நடக்கட்டும், சீலிங் பலகை ஆளைத் தாங்காது. அஸ்பெஸ்டஸ் சீட்டில் துளை போட விடாதீர்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கெடுதி. எலக்ட்ரீஷியனிடம் என்.வி.கியூ. சான்றிதழைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எனக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் வேலை. அட்டைப் பெட்டிகளை அன்றே கீழே இறக்கிவிட்டேன்.