ஐடிலிங் நிற்கலையா? ஸ்க்ரூவை அப்புறம் திருப்பலாம்!

தொப்பூர் மேட்டில் சளைக்காமல் ஏறி வந்த பழைய இண்ட்-சுசூகி, தருமபுரி நான்கு ரோட்டில் கையைத் தளர்த்தியதும் பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடும். உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். ஆக்சிலேட்டரை முறுக்கியபடியே இருந்தால் ஓடும், விட்டால் போச்சு. பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் பட்ட அவஸ்தைதான் இது.

இண்ட்-சுசூகியை உள்ளூர் வண்டி என்றே சொல்லலாம். ஓசூர் ஆலையிலிருந்து 1980-ல் டிவிஎஸ் 50, 1984-ல் இண்ட்-சுசூகி 100 எல்லாம் வந்தபோது, ஓசூர் இருந்தது தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான்.

மேடேறும் வண்டி சிக்னலில் ஏன் அணைகிறது? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழி ஒன்றல்ல. முழு வேகத்துக்கு மெயின் ஜெட், நடு வேகத்துக்கு நீடில், ஐடிலிங்குக்குப் பைலட் ஜெட். மூன்றிலும் மிகச் சன்னமான துளை பைலட் ஜெட்டில்தான். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சும் பிசின் முதலில் அடைப்பது அதைத்தான்.

பலரும் எடுத்தவுடன் ஸ்க்ரூடிரைவரைத் தூக்குகிறார்கள். இருக்கும் கோளாறு போதாதென்று டியூனிங்கும் கெட்டுப்போகிறது.

முதலில் பெட்ரோல். டேங்க், டேப், ஃபில்டர் வழியாகத் தாராளமாக வருகிறதா? ஓவர்ஃப்ளோ ஆனால் ஃப்ளோட் வால்வைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றுங்கள்: காபித்தூள் நிறம் நல்லது, ஈரக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

அடுத்தது காற்றுக் கசிவு. கையை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நின்றால் சந்தேகம் கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் மீதுதான். ஓடும்போது அதைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. டூ-ஸ்ட்ரோக்கில் மேக்னெட் பக்க ஆயில் சீல் போயிருந்தாலும் இதே தொல்லைதான்.

பிறகு ஜெட். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, வேறு ஜெட் தேட வேண்டிவரும்.

ஸ்க்ரூவுக்குக் கை போக வேண்டியது கடைசியில், அதுவும் இன்ஜின் சூடான பிறகு. ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முடுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ரேஸ் அதிகமாகும் இடத்தைத் தேடி நிறுத்திவிட்டு, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலை.

இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அந்தக் கால ரப்பர் பாகங்களையும் அரிக்கக்கூடும். அதனால் வண்டியை நெடுநாள் நிறுத்துவதானால் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். ஃப்ளோட் கிண்ணம் காலியாக இருந்தால், அடுத்த முறை ஜெட்டைக் கழற்றும் வேலை பெரும்பாலும் மிச்சம்.