வலிய கையும் அதன் பயனும்

சீட்டாட்டத்திலே நல்ல கை வாய்ப்பது ஊழ். வாய்த்த கையினால் பெறத்தக்க முழுப்பயனையும் பெறுவது அறிவு. இவ்விரண்டினையும் பிரித்துணராதார் ஆட்டம் முழுவதையும் அதிட்டமென்றே கொள்வர். பாரதத்து ஆரணிய பருவத்தில் வரும் நளன் கதை இவ்வேறுபாட்டைப் பண்டே காட்டிற்று. புட்கரனிடம் சூதில் நாடிழந்த நளன், தான்றி மரத்தின் இலையையும் காயையும் நொடியில் எண்ணியுரைத்த இருதுபன்னனிடம் சூதின் மறையைக் கற்ற பின்னரே இழந்ததை மீட்டான். அம்மறை எண்ணுந்திறனோடு பிணைந்தது என்பது நோக்கத்தக்கது.

இலங்கையில் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு முந்நூற்றுநாலு என்னும் ஆட்டம். முப்பத்திரண்டு சீட்டுக்களை நால்வர் இருபக்கமாய்ப் பிரிந்து ஆடுவர். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கினத்துக்கும் 304. கேள்வி வழக்கமாக 160இல் தொடங்கும். அது பாதியாகிய 152இலும் சற்றே மிகுதி. ஓரினத்து ஜாக்கியும் ஒன்பதும் ஆசும் ஒருவன் கையில் விழுந்தால் அவனிடம் இருப்பன 61 புள்ளிகளே. எஞ்சியவற்றை எதிரியிடமிருந்தும் தோழனிடமிருந்தும் வரவழைத்தல் வேண்டும். ஆதலின் கையின் வலிமை வேறு, அதன் விளைவு வேறு.

ஓரினத்திற் சீட்டுக்கள் எட்டே. ஆளுக்குச் சராசரி இரண்டு. ஆகவே முதற்சுற்றில் ஜாக்கியை இறக்கினால் பெரும்பாலும் பிடி நமதாகும். தோழன் பத்தையோ ஆசையோ அதன்மேற் போடுவான். துணையின்றித் தனித்த ஒன்பது எதிரி கையிலிருப்பின் அதுவும் விழுந்தே தீரும். காலந்தாழ்த்தினால் அவ்வினம் அற்றவன் துரும்பால் வெட்டிவிடுவான். துரும்பை மூடிவைத்து ஆடும் வழக்கமோ வலிய கையை மறைத்தற்கென்றே அமைந்தது போலும்.

போக்கர் ஆட்டத்தில் தோழனில்லை. முதலிரு சீட்டும் ஆசாக வருவது 221 கைக்கு ஒருமுறை. அவ்வரிய கையால் வருவது எதிரி எவ்வளவு கொடுக்க உடன்படுவான் என்பதைப் பொறுத்தது. வெற்றி ஏறக்குறைய உறுதி என்று கொள்வோம். 300 வைத்தால் பத்தில் எண்முறை உடன்படுவானாயின் சராசரி வரவு 240. 600க்கு ஐம்முறையாயின் 300. 1,200க்கு மும்முறையாயின் 360. அம்மூன்று இரண்டாகக் குறைந்தால் மீண்டும் 240 தான். எதிரியின் இயல்பை அறியாமல் தொகையைத் தீர்மானித்தல் இயலாது. வலிய கைக்கு மட்டுமே பெருந்தொகை வைப்பவனை விரைவில் யாவரும் அறிந்து விலகுவர். அதனாலேயே இடையிடையே மெலிந்த கைக்கும் பெருந்தொகை வைத்தல் அறிவின்பாற்படும் என்பதை வான் நொய்மான் மோர்கென்சுதேர்னுடன் 1944இல் வெளியிட்ட நூலில் கணிதத்தாற் காட்டினார்.

போட்டியாட்டத்தில் இன்னுமொரு நுட்பம் உண்டு. அங்கே வில்லைகள் பணமல்ல. எல்லா வில்லைகளையும் வென்றவனுக்கும் முதற்பரிசு மட்டுமே கிடைக்கும். ஆதலின் வில்லை இருமடங்காயினும் பரிசின் எதிர்பார்ப்பு இருமடங்காகாது. பரிசு நெருங்கும்போது நடுத்தர இருப்புடையோர் அஞ்சி விலகுவர். மிகப்பெரிய இருப்புடையோனும், கட்டாயப் பந்தயத்தால் தேய்ந்து இனி இழக்க ஒன்றுமில்லாதவனுமே வலிய கைக்கு விலை கொடுப்போர்.

டிக்கோயாவில் தோட்டத்துரைமார் கூடிய தரவளைக் கழகத்திற்கும் தொழிலாளர் வாழ்ந்த லயத்திற்கும் இடைவெளி மிகுதி. ஆயினும் சீட்டின் கணக்கு இரண்டிடத்தும் ஒன்றே. வலிய கை தானாக எதையும் ஈனுவதில்லை. மெலிந்த கையுடையோன் தவறிக் கொடுப்பதே அதன் வரவு. கழகத்து மேசையில் அத்தவறு பொழுதுபோக்கின் செலவு. சம்பள நாளன்று லயத்து வாசலில் விரிக்கும் துண்டின்மேல் அதுவே அடுத்த காம்பராவின் அரிசிக்கும் மாவுக்கும் வைத்த காசு. முந்நூற்றுநாலைக் காசின்றிப் புள்ளிக்கே ஆடுவோர், கணக்கின் இன்பம் முழுவதையும் பெற்று அக்காசை அவரிடமே விட்டுவிடுகின்றனர்.