கூண்டில் நிற்கும் வீரனும் கூட நிற்கும் தோழனும்

போர்முனையிலிருந்து உடலில் ஒரு வடுவுமின்றித் திரும்பியவன்கூட உள்ளத்தில் ஆறாத ரணத்தோடு திரும்பக்கூடும் என்பதையும், அந்த வேதனையை மறக்க மதுவையோ மாத்திரைகளையோ நாடியவன் நாளடைவில் அவற்றுக்கே அடிமையாகிக் குற்றவாளிக் கூண்டில் வந்து நிற்கிறான் என்பதையும் அமெரிக்க நியாயஸ்தலங்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்திருக்கின்றன. அவனைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்புவதென்று, நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் 2008 ஜனவரியில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே ஒரு நீதிமன்றத்தைத் தொடங்கினார்.

போதை வழக்குகளில் சிகிச்சையை முன்வைக்கும் நீதிமன்றம் 1989இலேயே மயாமியில் தோன்றிவிட்டது; ரஸ்ஸலும் 1995 முதல் அத்தகைய ஒன்றை நடத்திவந்தார். அவரது நீதிமன்றத்தில் ஒருநாள், எந்தக் கேள்விக்கும் சரியாக முகங்கொடாமல் தலைகுனிந்து நின்ற வியட்நாம் யுத்த வீரர் ஒருவரை, அதே யுத்தத்தில் பணியாற்றியிருந்த இருவர் நீதிபதியின் வேண்டுகோளின்படி வெளியே அழைத்துச் சென்று பேசிவிட்டு வந்தபோது, அவர் நிமிர்ந்து நின்று, நீதிபதியின் கண்களை நேராக நோக்கி, இனி முயல்வதாக வாக்களித்தார். புதிய நீதிமன்றத்துக்கு வித்து அதுவே.

இங்கே சேர்கிறவர் அடிக்கடி நீதிபதியின் முன் தோன்ற வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் தவறாமல் காண வேண்டும். இடையில் ஒருமுறை சறுக்கி விழுந்தால் உடனே வெளியேற்றப்படுவதில்லை; கண்டிப்பும் சிகிச்சையும் சேர்ந்தே அதிகரிக்கின்றன. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் நீளும் இந்த விரதத்தை நிறைவேற்றியவர்மீதுள்ள குற்றச்சாட்டு தள்ளுபடியாகலாம், அல்லது குறைக்கப்படலாம்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் ஜீவநாடி, சம்பளமின்றி ஒவ்வொருவருக்கும் துணைநிற்கும் முன்னாள் வீரரான வழிகாட்டியிடந்தான் இருக்கிறது என்பேன். பலவீனத்தை வெளியில் சொல்வதே இழுக்கு என்று பட்டாளத்தில் பழகிப்போனவன், வைத்தியரிடம் மறைப்பதையும் தன்னைப்போல் துப்பாக்கி சுமந்தவனிடம் மறைப்பதில்லை. வேலை, வீடு, குடும்பச் சச்சரவு என்று எதைப் பற்றியும் அவனோடு பேசலாம். அவன் போலீஸ்காரனுமல்லன், நீதிபதியுமல்லன். ராணுவம் கொடுத்து, ஊர் திரும்பிய நாளில் பறிபோன தோழமையை ஊராரே திருப்பித் தருகிறார்கள்.

இன்று அமெரிக்காவில் இத்தகைய நீதிமன்றங்கள் நூற்றுக்கணக்கில் இயங்குகின்றன. அவற்றுக்கு உதவுவதற்கென 2020இல் மத்திய அரசு ஒரு சட்டமும் இயற்றியது. எனினும் வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பல நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அதனினும் என் மனத்தை வருத்துவது வேறொன்று: பணியிலிருந்தபோதே போதைக்கு ஆளாகி, அதன் காரணமாகவே களங்கமுற்ற விடுவிப்புப் பத்திரத்தோடு அனுப்பப்பட்டவருக்கு, முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைக் கதவு எளிதில் திறப்பதில்லை. எந்த நோய்க்குச் சிகிச்சை வேண்டுமோ அந்த நோயே தடையாக நிற்கும் இந்த அநீதியை உணர்ந்த சில நீதிமன்றங்கள், அத்தகையோரையும் ஏற்று, உள்ளூர்ச் சிகிச்சை நிலையங்களின் வாயிலாக அவர்களுக்கு வழிசெய்துவருகின்றன.